முப்பத்தெட்டா, நாற்பத்தைந்தா?

சுதந்திரம் கிடைத்த கையோடு அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்த கவலைகளில் ஒன்று, தோட்டங்களுக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகிறவர்களைப் பற்றியது. வழியில் கொள்ளையர் மறித்தால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு ரிவால்வர் கொடுத்துவிடலாம் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். என்ன கலிபரில் கொடுப்பது என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். கேட்ட மகாராசன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் கறுப்பையா அவரைத் தேடிப்போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார்.

கலிபர் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. குழலின் உள்வாய் எவ்வளவு அகலம் என்பதுதான். பொயின்ட் முப்பத்தெட்டு என்றால் சின்ன வாய், நாற்பத்தைந்து என்றால் பெரிய வாய். எந்த வாய் அதிகப் பயன் தரும் என்று ஒப்பிட்டுச் சொல்வதற்காகக் கண்டியில், வாவிக்கு மேலே ஏறும் ரோட்டில், ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, ‘கைத்துப்பாக்கிக் குழல்விட்ட ஒப்பீட்டுச் சபை’ என்று மூன்று மொழியிலும் பலகை எழுதி மாட்டினார்கள். ஊர்ச்சனம் அதைக் ‘கலிபர் கந்தோர்’ என்று சுருக்கிக்கொண்டது. ஆறு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது உத்தரவு. சபை அசராமல் உழைத்து, வருடங்கள் பல கழித்து, அறிக்கையின் முதல் அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு வைப்பது என்ற கட்டத்தை எட்டியிருந்தது. சம்பளப் பணம் கொண்டுபோகிறவர்கள் அதுவரைக்கும் கையில் பிரம்போடு போய்வந்துகொண்டிருந்தார்கள்.

சபைக்கு ஒரே ஒரு குறைதான். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஒரு ரிவால்வர்கூட இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கத்தான் பிலிமத்தலாவையில் சில்லறைக்கடை வைத்திருந்த கறுப்பையா ஒரு நாள் காலையில் பஸ் ஏறினார்.

கறுப்பையாவுக்கும் துப்பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கோழி அறுக்கிற வீட்டுப் பக்கம்கூடப் போகாத மனிதர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, மிளகு வியாபாரி ஜமால்தீன் நானா தூண்டிவிட, ஒரு தேக்கு அலுமாரியை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தபோது அடித்தட்டில் பிளனல் துணி சுற்றி ஒரு ரிவால்வர் கிடந்தது. உள்ளே ரவைக் குண்டு இல்லை. துரு மட்டும் தாராளமாக இருந்தது.

ஜமால்தீன் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னுக்குப் போனார்.

“யா அல்லாஹ்! கறுப்பையா, இத இன்னைக்கே எங்கயாவது குடுத்துருங்க. ஒங்கட பிரஜாவுரிமை விசாரண வேற வருது. ஊட்டுல துவக்கு ஈக்கி எண்டு எவனாச்சும் ஒரு சொல்லு செல்லிட்டான் எண்டா முடிஞ்சுது கத.”

அவர் சொன்னது சரிதான். கறுப்பையா பிறந்தது பன்வில தோட்டத்துத் தொழிலாளர் லயத்து அறையில். வளர்ந்தது, கலியாணம் கட்டியது, கடை போட்டது எல்லாம் இந்த மலைநாட்டில்தான். இந்தியாவை அவர் கண்டதெல்லாம் கடையில் தொங்கிய கலண்டர் படத்தில். ஆனாலும் இந்திய வம்சாவளி என்பதால், இந்த நாட்டில் இருப்பதற்கு மனுப்போட்டு, இங்கேதான் இருந்தேன், இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று விசாரணை ஐயா ஒருவர் முன்னால் நின்று சொல்லவேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளோடு வரச்சொல்லிக் கடுதாசி வந்துவிட்டது. பிற்பகல் இரண்டு மணி. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. தள்ளுபடி என்றால் கடை லைசென்ஸ் போகும், பிறகு ஒரு நாள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சொல்வார்கள்.

பக்கத்துப் பொலிஸில் கேட்டதற்கு, கைத்துப்பாக்கி என்றால் கண்டியில் கலிபர் கந்தோர்தான் எடுக்கும் என்றார்கள். விசாரணைக் கந்தோரும் அதே ரோட்டில், நேர் எதிரே இருந்தது. இங்கேதான் கறுப்பையாவின் வியாபார மூளை வேலை செய்தது. ஒரே பஸ் காசில் இரண்டு வேலையும் முடியும்! காலையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவது, பிறகு ஆறுதலாக எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது. ரிவால்வரைப் பிஸ்கோத்து டின்னில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினார். இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு மத்தியான பஸ்ஸில் வரும்படி மனைவி அன்னலட்சுமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மனிதர் சிக்கனம் பார்த்துச் செய்த காரியங்களில் இவ்வளவு நட்டம் வந்தது வேறொன்றில்லை.

கலிபர் கந்தோரில் இரண்டு ஜன்னல்கள். இடப்பக்கம் முப்பத்தெட்டும் அதற்குக் கீழும். வலப்பக்கம் நாற்பத்தைந்தும் அதற்கு மேலும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதிரையில் தலைமைக் கிளாக்கர் ராஜலிங்கம் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், திருநீறும் கண்ணாடியுமாக நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“ஒரு துப்பாக்கி கெடச்சுதுங்க ஐயா. ஒப்படைச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“நல்லது. முப்பத்தெட்டோ, நாப்பத்தைஞ்சோ?”

“தெரியாதுங்களே.”

“தெரியாமல் எந்த ஜன்னலிலை வாங்கிறது?”

“ரெண்டுக்கும் நடுவுல உள்ளதா இருந்தா?”

“நடுவிலை உள்ளது இந்த நாட்டிலை இல்லை எண்டு சபை தீர்மானிச்சிருக்கு” என்றார் ராஜலிங்கம், அடக்கமாக.

டின்னைத் திறந்து பார்த்தார்கள். குழலில் இருந்த எழுத்தைத் துரு தின்றிருந்தது. அளக்கிற கருவி இல்லையா என்று கறுப்பையா கேட்டார். கருவி சீமையிலிருந்து வந்து ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் அதை எந்த ஜன்னல் வழியாக உள்ளே எடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லையாம்.

“பரவாயில்லைங்க ஐயா, நீங்க மெதுவா அளந்து பாருங்க. நான் இத வச்சிட்டுப் போறேன். ரெண்டு மணிக்கு எதுத்தாப்புல விசாரண.”

ராஜலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணை, வடிவாய்க் கேளுங்கோ. நீங்கள் இதை விட்டிட்டுப் போனால் இது அநாதை ஆயுதம். அநாதை ஆயுதத்தைச் சபை ஒப்பிடேலாது, பொலிசுக்குத்தான் சொல்லவேணும். கொண்டு போனியள் எண்டால், கேற்றைத் தாண்டின உடனை லைசென்ஸ் இல்லாத ஆயுதம். அதுக்கும் பொலிஸ்தான். இஞ்சை இருக்கிறவரைக்கும்தான் நீங்கள் நிரபராதி.”

கறுப்பையா வாசல் கேற்றைப் பார்த்தார். அங்கே காக்கிச் சட்டை போட்ட காவல்காரன் ஒருவன் பல் குத்திக்கொண்டு நின்றான். புத்தரின் பல் இருக்கும் மாளிகாவைப் பக்கமிருந்து காலைப் பூசை மேளம் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“உங்களுக்கு நல்ல காலம்” என்றார் ராஜலிங்கம். “மாசத்திலை ஒருக்காத்தான் சபை கூடுறது. அது இண்டைக்குத்தான்.”

சபை என்பது மூன்று பேர். ஒருவர் மேஜர், மீசையும் கைத்தடியுமாகத் தலைமைக் கதிரையில் இருந்தார். இன்னொருவர் பொலிஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் டாக்டர். பிஸ்கோத்து டின் மேசைக்கு வந்து, கறுப்பையா மூடியைத் திறந்ததும் மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் ரிவால்வரை முகத்துக்கு முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் பேசியது இங்கிலீசில். அன்றைக்கு ஒரு வெளியாள் இருந்ததால் சட்டப்படி தமிழிலும் சொல்லவேண்டும். ராஜலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டுப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, மேடைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஆகவே அந்த உரைகள் இன்றைக்கும் பழுதில்லாமல் கிடைக்கின்றன.

முதலில் மேஜர். “நாற்பத்தைந்து என்பது ஓர் எண் அல்ல, அது ஒரு குணம். யுத்தகாலம் முழுவதும் நான் இடுப்பில் நாற்பத்தைந்து அணிந்திருந்தேன். ஒரு தடவையும் சுடவில்லை. அப்படியிருந்தும் ஒரு ஜப்பானியன்கூடக் கண்டிக்குள் வரவில்லை. இதைவிடச் சிறந்த அத்தாட்சி எந்த நாட்டில் இருக்கிறது?”

அடுத்து பொலிஸ் ஐயா. “நண்பர் சுடாமல் சாதித்ததை நான் சுட்டே சாதித்தேன். என் சேவைக்காலத்தில் முப்பத்தெட்டால் பல தடவை சுட்டிருக்கிறேன். ஒருவர் மீதும் பட்டதில்லை. படாததால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாததால் பதவி உயர்வு தடைப்படவில்லை. ஓர் அதிகாரிக்கு ஆயுதத்திடமிருந்து வேறென்ன பயன் வேண்டும்? நாற்பத்தைந்து வைத்திருந்த என் சகா ஒருவர் ஒரே ஒரு தடவை சுட்டார். பட்டுவிட்டது. அவருடைய காலில்தான். இன்றும் நொண்டுகிறார்.”

டாக்டர் இரண்டு பக்கமும் சாயாதவர். “நான் காயத்தின் பக்கமிருந்து பேசுகிறேன். சின்ன வாய் என்றால் குண்டு எங்கே போயிற்று என்று தேடவேண்டும். தேடி முடிப்பதற்குள் என் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். பெரிய வாய் என்றால் தேடவேண்டியதில்லை. நோயாளியும் அதிக நேரம் காத்திருப்பதில்லை. ஒரு வைத்தியனுக்கு எது வசதி என்று நான் வாயால் சொல்லமாட்டேன், சத்தியப்பிரமாணம் செய்திருக்கிறேன்.”

மூவரும் ஒருவருக்கொருவர் கை தட்டினார்கள். கறுப்பையாவும் தட்டினார். தட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தார்.

பிறகு அளவை தொடங்கியது. பொலிஸ் ஐயா அரசாங்கப் பென்சில் ஒன்றை எடுத்து, அதில் மையொற்றும் தாளைச் சுற்றிக் குழலுக்குள் விட்டார். தாள் இறுகும் கனத்தைப் பார்த்தால் கலிபர் தெரிந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரண்டு சுற்றில் இறுகியது. “முப்பத்தெட்டு!” என்றார். மேஜர் அதைப் பறித்து, இன்னும் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, உள்ளே திணித்தார். போகவில்லை. மேசையில் இருந்த பித்தளைக் காகிதப் பாரத்தால் ஓங்கி ஓர் அடி போட்டார். போய்விட்டது. “நாற்பத்தைந்து!” என்றார். அப்புறம் இழுத்துப் பார்த்தார்கள். மேஜர் ஒரு பக்கமும் பொலிஸ் ஐயா மறுபக்கமும் பிடித்து, கயிறிழுப்புப் போட்டிபோல இழுத்தும் பென்சில் வரவில்லை. கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ராஜலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. மெல்லக் கறுப்பையாவின் காதில் சொன்னார்.

“அண்ணை, இனி இன்னுமொரு சிக்கல். அது அரசாங்கப் பென்சில். இப்ப உங்கடை ஆயுதத்துக்குள்ளை அரசாங்கச் சொத்து இருக்கு. சபை சொல்லாமல் இதை ஒரு அடி அசைச்சாலும் களவு.”

“நானா ஐயா பென்சில விட்டேன்?”

“ஆர் விட்டது எண்டது இல்லை. ஆரிட்டை இருக்கு எண்டதுதான்.”

குழலின் வாய் அடைபட்டுப்போனதால் கலிபர் என்னவென்று அறிய இனி வழியில்லை. இதனால் சபை சோர்ந்துவிடும் என்று நீங்கள் நினைத்தால் சபையை அறியாதவர்கள். கலிபர் தெரியாவிட்டால் என்ன, பயன் என்னவென்று பார்க்கலாமே என்றார் டாக்டர். ரிவால்வரின் பயன் குண்டில் இல்லை, எதிரில் நிற்பவனுக்கு வரும் பயத்தில் இருக்கிறது. பயத்தை நாடித் துடிப்பில் அளக்கலாம். ஒரு ஆளை எதிரில் நிறுத்தி, ‘இது முப்பத்தெட்டு’ என்று சொல்லி நாடி பார்ப்பது. பிறகு ‘இது நாற்பத்தைந்து’ என்று சொல்லி நாடி பார்ப்பது. எதற்கு அதிகம் துடிக்கிறதோ அதுவே பயனுள்ள கலிபர்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. எதிரில் யார் நிற்பது என்பதில்தான் தடங்கல். உறுப்பினர் நிற்க முடியாது, பதவிக்கு இழுக்கு. ராஜலிங்கம் தனக்கு நெஞ்சு வருத்தம் என்றார். மிச்சம் கறுப்பையா. ஆனால் ஆயுதத்தைக் கொண்டுவந்தவரைத் தவிர வேறு யாரும் அதை ஓர் ஆளுக்கு நேரே நீட்டக்கூடாது என்பது விதி. பிடிப்பவரும் அவரே, எதிரில் நிற்பவரும் அவரே ஆகவேண்டும். சபை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதில் முரண்பாடு ஏதுமில்லை என்று தீர்மானித்தது.

ஆக, பிலிமத்தலாவை கறுப்பையா தன் கையாலேயே ரிவால்வரைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். பென்சில் நுனி கோட்டுப் பொத்தானில் முட்டியது. டாக்டருக்குக் கைக்கடிகாரம் தெரிய வெளிச்சம் வேண்டும் என்பதால் அவரை ஜன்னலோரம் நிறுத்தினார்கள்.

“இது முப்பத்தெட்டு என்று எண்ணிக்கொள்ளும்” என்று ராஜலிங்கம் மொழிபெயர்த்தார்.

கறுப்பையா எண்ணியது விசாரணையை. நாடி கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது. “சுமாரான பயம்” என்று டாக்டர் எழுதிக்கொண்டார். பொலிஸ் ஐயாவுக்குத் திருப்தியில்லை. மறுபடி பார்க்கவேண்டும் என்றார். மறுபடி பார்த்தபோது இன்னும் நேரமாகியிருந்ததால் நாடி இன்னும் ஏறியிருந்தது. மேஜர் ஆட்சேபித்தார். சாப்பாட்டு மணி அடித்தது. மூவரும் எழுந்து போய்விட்டார்கள்.

கறுப்பையா வாசல் கேற்றுக்கு ஓடினார். அன்னலட்சுமி கல்யாணக் கூறைப்புடவை கட்டி, குடை பிடித்து, பெண் ஒருபக்கமும் பையன் ஒருபக்கமுமாக ரோட்டில் நின்றாள். அவளுக்கும் கறுப்பையாவுக்கும் நடுவில் கேற்றும் காவல்காரனும்.

“என்னங்க இது? அங்க கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. நம்மளுக்கு முன்னுக்கு மூணு குடும்பந்தான் இருக்கு.”

“வர முடியாது லெச்சுமி. விட மாட்டேங்கிறாங்க.”

“என்ன விட மாட்டேங்கிறாங்க? எதுக்கு வந்தீங்க, அத குடுக்கத்தானே? எடுக்காட்டிப் போகட்டும். அந்தச் சனியன அங்கனயே போட்டுட்டு வாங்க!”

சபை இத்தனை வருடம் பேசிய பேச்சிலெல்லாம் இவ்வளவு தெளிவான யோசனை வந்ததில்லை. கறுப்பையாவுக்கு உடம்பில் புது இரத்தம் ஓடியது. உள்ளே போய் ரிவால்வரை டின்னுக்குள் போட்டு மேசையில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கேற்றில் கை வைத்தார். பின்னாலிருந்து ஒரு கூச்சல். பங்களாத் தோட்டக்காரன் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மறதியாக விட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறான், பாவம் நல்லவன். டின்னைக் கறுப்பையாவின் கையில் வைத்துவிட்டு, “முதலாளி மஹத்தயா” என்று பல்லைக் காட்டிச் சிரித்தான். கேற்றுக் காவல்காரன் சிரிக்கவில்லை. டின்னோடு இன்னும் ஒரு அடி வைத்தால் விசில் ஊதுவதாகச் சிங்களத்தில் சொன்னான். விசிலை வாயில் வைத்தும் காட்டினான்.

கறுப்பையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

“நீ போ லெச்சுமி. போயி உக்காரு. பேரு கூப்பிட்டா, நான் எதுத்தாப்புலதான் இருக்கேன்னு சொல்லு. ஓடிப் போயிடலன்னு சொல்லு.”

சாப்பிட்டு வந்த சபைக்குப் புதுத் தெம்பு. இப்போது நாற்பத்தைந்தின் முறை. கறுப்பையாவை மறுபடி ஜன்னலோரம் நிறுத்தினார்கள். எதிர்க் கட்டிடத்து விறாந்தை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அங்கே மர வாங்கில் அன்னலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பிறகு வாங்கில் இல்லை. உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர், மேசைக்கு முன்னால் தன் பெண்டாட்டி பிள்ளைகள் மூவரும் நிற்பதைக் கறுப்பையா கண்டார். கூப்பிட்டுவிட்டார்கள். கையெட்டும் தூரமில்லை, கண்ணெட்டும் தூரம்தான்.

“இது நாற்பத்தைந்து என்று எண்ணிக்கொள்ளும்” என்றார் ராஜலிங்கம்.

“அடேயப்பா!” என்றார் டாக்டர், கறுப்பையாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி. “எண்ணவே முடியவில்லை. குதிரை ஓடுகிறது!”

மேஜர் மீசையை முறுக்கினார். பொலிஸ் ஐயா, முப்பத்தெட்டுக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கேட்டார்.

“ஐயா, எனக்குப் பயம் இந்தத் துப்பாக்கிக்கு இல்லீங்க” என்று கறுப்பையா கத்தினார். “அந்தா எதுத்தாப்புல என் பேர கூப்புடுறாங்க. என்னைய விடுங்க, ஓடிப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறேன். எம் புள்ளைங்க நிக்குதுங்க ஐயா!”

ராஜலிங்கம் மொழிபெயர்த்தார். டாக்டர் தலையை ஆட்டினார். “பயப்படுகிறவன் தன் பயத்துக்குச் சொல்லும் காரணம் சாட்சியமாகாது. அசையாமல் நிற்கச் சொல்லும்.”

அந்த நேரத்தில் அன்னலட்சுமி எதிர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இந்தப் பக்கம் காட்டினாள். வெள்ளைக் கோட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். கறுப்பையாவுக்கு உயிர் வந்தது. பார்த்துவிட்டார்! இதோ இருக்கிறேன், ஆள் இருக்கிறேன்! ஒரு கை டாக்டரிடம், மறு கை ரிவால்வரில். அசைத்துக் காட்டக் கையில்லாமல் தலையைத் தலையை ஆட்டினார். வெள்ளைக் கோட்டுக்காரர் நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பிப்போய் உட்கார்ந்து ஏதோ எழுதினார்.

தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகு சபை தன் வரலாற்றில் முதல் முடிவை ஏகமனதாக எடுத்தது. மத்தியானத்துக்கு முன்னால் முப்பத்தெட்டும் மத்தியானத்துக்குப் பின்னால் நாற்பத்தைந்தும் அதிகப் பயன் தரும். இருவரும் வென்றார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள்.

எஞ்சியது ஒன்று. இவ்வளவு உபகாரம் செய்த ரிவால்வரை என்ன செய்வது? சபையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பொலிஸ் ஐயா பிரேரித்தார். வெளிநாட்டில் செய்த பொருளாயிற்றே, அதற்கு இந்த நாட்டில் என்ன உரிமை என்று டாக்டர் சந்தேகம் கிளப்பினார். மேஜர் எழுந்தார். அன்றைய உரைகளில் அதுதான் சிகரம்.

“எங்கே பிறந்தது என்று கேட்பது அற்பத்தனம், கனவான்களே. எங்கே வாழ்ந்தது என்றல்லவா கேட்கவேண்டும்? இதன் உடம்பைப் பாருங்கள். இந்த மலைகளின் மழையை இது எத்தனை வருடம் வாங்கியிருக்கிறது! இது பர்மிங்ஹாம் துரு அல்ல, சுத்தமான கண்டித் துரு. இதற்கு மேலும் அத்தாட்சி கேட்டால் நாம் மனிதர்களா? ஒரு பழைய குடியிருப்பாளனை வெளியே தள்ளும் இதயம் இந்தத் தேசத்துக்குக் கிடையாது!”

ராஜலிங்கம் பாதியில் நிறுத்திவிட்டுக் கறுப்பையாவைப் பார்த்தார். பிறகு தன் கடமையை முடித்தார். மூன்று பேரும் மேசையைத் தட்டினார்கள். இந்தத் தடவை கறுப்பையா தட்டவில்லை. ரிவால்வரும் அதனுள்ளிருந்த பென்சிலும் சபையின் அலுமாரிக்குள் போயின. கறுப்பையா இனிப் போகலாம்.

ரோட்டைக் கடந்தாரா பறந்தாரா என்று அவருக்கே தெரியாது. வெள்ளைக் கோட்டுக்காரர் புறப்பட ஆயத்தமாகிக் குடையை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துவிபாஷி ஒருவர் நின்றார்.

“ஐயா, நான்தாங்க கறுப்பையா. ரெண்டு மணிலேருந்து எதுத்தாப்புல நின்னேங்க. நீங்ககூடப் பாத்தீங்களே!”

பார்த்ததை அவர் மறுக்கவில்லை. மிகவும் நியாயமான மனிதர். அவர் நிதானமாகச் சொன்னதைத் துவிபாஷி தமிழில் சொன்னார்.

“ஐயா உங்களைக் கண்டவர். அதாலைதான் வரவில்லை எண்ட காரணத்துக்கு மனுவைத் தள்ளுபடி செய்யேல்லை. வேறை காரணம். இந்த நாட்டிலை நிரந்தரமாகத் தங்குகிற எண்ணம் மனுதாரருக்கு இருக்கவேணும் எண்டு சட்டம் சொல்லுது. தன்ரை நெஞ்சுக்கு நேரை தானே துவக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆளுக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கு எண்டு ஐயாவாலை எழுத முடியேல்லை. பக்கத்திலை ஒரு டாக்டர் கையைப் பிடிச்சுத் தடுத்ததையும் அவர் கண்டவர்.”

கறுப்பையா வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஏலத்து அலுமாரியிலிருந்தா, பென்சிலிலிருந்தா? அவர் தொடங்குவதற்குள் ஐயா குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

விறாந்தை வாங்கில் பையன் தாயின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். கறுப்பையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னலட்சுமி அவருடைய முகத்தைப் பார்த்தாள். வெறுங்கையைப் பார்த்தாள்.

“என்னங்க சொன்னாங்க?”

“துப்பாக்கிய இருக்கச் சொல்லிட்டாங்க லெச்சுமி.”